எல்லாப் பொருளும் ஒருகணம் விழிக்கும்

கிளிநொச்சியில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு மாணவி ரன் (run) என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கேட்டிருந்தார்: "ஆறு பாய்வதும் ரன், எஞ்சின் ஓடுவதும் ரன், கடை நடத்துவதும் ரன், மூக்கு ஒழுகுவதும் ரன். வெள்ளைக்காரருக்கு எது எதுவென்று எப்படி விளங்குகிறது?"

நியாயமான கேள்வி. ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதிக்காரர் ரன் என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்திருக்கிறார்கள். அடிக்கடி புழங்கும் சொல்லுக்குப் பொருளும் கூடும் என்பதை அமெரிக்க மொழியியலாளர் ஜோர்ஜ் ஸிப்ஃப் 1945இலேயே காட்டிவிட்டார்.

சரி, மூளை என்ன செய்கிறது? பேச்சின் போக்கைப் பார்த்து, பொருந்தும் பொருளை மட்டும் எடுக்கும் என்றுதான் நினைப்போம். 1979இல் மொழியை மூளை கையாளும் விதத்தை ஆராய்ந்த டேவிட் சுவினி வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது, ஆறுதலாகவே சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் பக் என்றால் பூச்சி. ஒட்டுக்கேட்க ஒளித்து வைக்கும் கருவிக்கும் அதே பெயர். ஹெட்போன் மாட்டியவர்களுக்கு ஒரு கதைத்துண்டு ஒலிக்கும்: அறையின் மூலையில் சிலந்தி, கரப்பான்பூச்சி, இன்னும் சில பக்ஸ். சந்தேகமே இல்லை, பூச்சிதான். அந்தச் சொல் காதில் விழுந்ததும் திரையில் சில எழுத்துகள் தோன்றும். அது உண்மையான சொல்லா, வெறும் எழுத்துக் குவியலா என்று பொத்தானை அழுத்திச் சொல்லவேண்டும். மனதில் ஏற்கனவே விழித்திருக்கும் பொருளுக்கு உறவான சொல் என்றால் விரல் சற்று முந்தும். எறும்பு என்ற சொல்லுக்கு முந்தியது, எதிர்பார்த்ததுதான். ஆனால் உளவாளி என்ற சொல்லுக்கும் முந்தியது! தைப்பதைக் குறிக்கும், தொடர்பே இல்லாத சொல்லுக்கு அந்த வேகம் வரவில்லை. கதை முழுக்கப் பூச்சியாக இருந்தும், ஒட்டுக்கேட்கும் கருவி உள்ளே விழித்துவிட்டது.

மூன்று அசைகள் கழித்து, ஏறக்குறைய ஒரு வினாடிக்குள், அதே சொற்களைக் காட்டினால் உளவாளிக்கு இருந்த வேகம் போய்விட்டது. எறும்பு மட்டும் நின்றது. இப்படி ஒரு எழுப்புதலும் அடக்குதலும் நடப்பதே நமக்குத் தெரிவதில்லை. ஒரு பொருளே மிகப் பெரும்பாலும் புழங்கும் சொற்களில் இது வேறு மாதிரி நடக்கும் என்று பிந்திய ஆய்வுகள் திருத்தின.

ரன்னுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பொருள்கள் ஒன்றுக்கொன்று உறவாக இருந்தால் அந்தச் சொல்லை விரைவாக அடையாளம் காண்கிறோம், உறவில்லாதவை ஒரே ஒலியில் மாட்டிக்கொண்டால்தான் தாமதம் என்று உளவியல் ஆய்வாளர் ஜெனிஃபர் ரொட்டும் கூட்டாளிகளும் 2002இல் காட்டினார்கள். நம் ஓடு இரண்டாவது வகை. ஓடுவதற்கும் கூரை ஓட்டுக்கும் என்ன தொடர்பு? கட்டு முதல் வகை. குளக்கட்டு, வைக்கோல் கட்டு, வீடு கட்டுவது, தாலி கட்டுவது, எல்லாவற்றுக்கும் அடியில் சேர்த்து இறுக்குவது என்ற ஒன்று கிடக்கிறது. ரன்னுக்கு அடியில் நிற்காமல் நகர்வது கிடக்கிறது. கேள்வி கேட்ட தங்கை 645ஐயும் பாடமாக்க வேண்டாம். வசனங்களாக நிறைய வாசித்தால் போதும். ஆங்கிலம் சிலருக்குத்தான் வரும் என்று பிள்ளைகளிடம் சொல்வது மூடநம்பிக்கை. அதைச் சொல்லிச் சொல்லியே பலரை ஆங்கிலத்தைக் கைவிட வைத்துவிட்டோம்.

சுவினியின் பரிசோதனைக்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். கணினி, ஹெட்போன், மில்லி வினாடியில் நேரம் எடுக்கும் மென்பொருள், அவ்வளவுதான். வவுனியாப் பல்கலைக்கழகம் இதற்கென்று ஒரு சிறு தொகை ஒதுக்கினாலே, முத்தையன்கட்டு என்ற ஊர்ப்பெயரைக் கேட்கும் வன்னிப் பிள்ளையின் மூளையில் தாலியும் வைக்கோலும் ஒருகணம் எட்டிப் பார்க்கின்றனவா என்று அளந்துவிடலாம்.