டேப்: தாவலா, நிரைக்குறியா?

டேப் விசைக்குத் ‘தாவல்’ என்று முதலில் பெயர் வைத்தவர் யாரோ, அவர் ஒரு சனிக்கிழமை மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்து எங்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

படிவம் நான்கு, ஐந்து படிக்கும் பிள்ளைகளுக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் திறந்தால் வரிகள் கோணல்மாணலாகத் தெரியக் கூடாது என்று, செயல்திட்டக் கோப்புறையில் எடிட்டர்கான்ஃபிக் கோப்பு ஒன்றைப் போட்டு வைத்தேன். வரிகளை எப்படி உள்தள்ள வேண்டும் என்று எடிட்டருக்கு, அதாவது நிரல் எழுதும் செயலிக்கு, சொல்லும் கோப்பு அது. கூடவே, தமிழில் கிடைத்த ஒரு குறிப்பையும் அச்செடுத்துக் கொடுத்தேன். அதில் ஒரு வரி: ‘தாவல்களைத் தவிர்க்கவும், இடைவெளிகளைப் பயன்படுத்தவும்.’ வரியை உள்தள்ள டேப் விசையைத் தட்டாதே, இடைவெளி விசையைத் தட்டு என்று பொருள்.

சற்று நேரத்தில் ஒரு மாணவி கையைத் தூக்கினாள். “சார், எல்லாத் தாவலையும் மூடிட்டேன். இன்னும் எர்ரர் வருது.”

திறந்திருந்த கோப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாக மூடியிருந்தாள். உலாவியையும் விட்டுவைக்கவில்லை. அவளை என்ன சொல்வது? உலாவியில் வரிசையாக நிற்கும் பக்கங்களுக்கும் தாவல் என்றுதானே படித்திருக்கிறாள்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விசையின் பெயர் ‘டேபுலேட்டர்’ என்பதன் சுருக்கம். பலகை, அட்டவணை என்று பொருள்படும் ‘டாபுலா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உலாவியின் டேப் வேறு சொல். கோப்பு அட்டையின் விளிம்பில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதே, அந்தத் துண்டின் பெயர் அது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றாக அமைந்துவிட்டது. அந்த விபத்தை நாமும் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

தட்டச்சுப்பொறியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். என் பெரியப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டை அடிக்கும்போது பெயருக்கு ஓர் இடம், வேலை நாளுக்கு ஓர் இடம், ரப்பர் பால் எடைக்கு ஓர் இடம் என்று முன்கூட்டியே நிறுத்தங்களை அமைத்துக்கொள்வார். விசையை அழுத்தினால் தட்டச்சுப்பொறியின் வண்டி ஓடிப்போய் அடுத்த நிறுத்தத்தில் டக்கென்று நிற்கும். அந்த விசையின் மகிமை ஓடுவதில் இல்லை, குறித்த இடத்தில் நிற்பதில்தான் இருக்கிறது. தாவல் என்ற சொல்லில் நிற்பது எங்கே இருக்கிறது? குரங்கு தாவும், எந்தக் கிளையில் போய் விழும் என்று அதற்கே தெரியாது. நம் நாட்டில் இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலையும் உண்டு. 2022இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபோது பத்திரிகைகளில் தினமும் படித்தோம். ‘தாவல் கூடாது’ என்றால் இங்கே பாதிப் பேருக்கு நாடாளுமன்றம்தான் ஞாபகத்துக்கு வரும்.

‘டேப்’ என்பதும் ‘தாவல்’ என்பதும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாக ஒலிப்பதுதான் இந்தச் சொல் நிலைத்ததற்குக் காரணம் என்பது என் சந்தேகம். ஒலியைப் பார்த்துச் சொல் ஆக்குவது, முகச்சாயலைப் பார்த்து ஆளை வேலைக்கு எடுப்பது மாதிரி. மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அவர் கைக்கு வருவது வெறும் ‘டேப்’ என்ற ஒற்றைச் சொல். அது விசையா, பக்கமா என்று காட்டும் திரை அவர் கண்ணில் படுவதில்லை. சரி, கேட்கலாமே! கேட்காமல் பழைய பட்டியலிலிருந்து எடுத்துப் போடுவதுதான் எனக்கு எரிச்சல்.

என் பரிந்துரை நிரைக்குறி. ரப்பர் வெட்டிய குடும்பங்களில் நிரை என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். செம்பனையை முக்கோண அமைப்பில் நடுவார்கள். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரு நேர் நிரை தெரியும். வரிகளின் தொடக்கமும் அப்படித்தான் ஒன்றின் கீழ் ஒன்றாக நேர் நிற்க வேண்டும். கணக்கு வாத்தியார்கள் சண்டைக்கு வருவார்கள்: அணிக்கோவையில் நிரை கிடையாகப் போவது, செங்குத்தாக நிற்பது நிரல். உண்மைதான். ஆனால் ‘புரோகிராம்’ வந்து நிரலை எடுத்துக்கொண்டுவிட்டது. ‘நிரலில் நிரல்குறி போடாதே’ என்று நான் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். உலாவிப் பக்கத்துக்குக் கீற்று போதும். தென்னங்கீற்றைப் பார்த்தவர்கள்தானே நாம்.

பொருள் தெளிவாக இருந்தால் அந்த எடிட்டர்கான்ஃபிக் கோப்பின் வேலையும் எளிதில் புரியும். இடைவெளி கணினிக்கு 32ஆம் எண் எழுத்து, நிரைக்குறி 9ஆம் எண். இடைவெளி எங்கும் ஓர் எழுத்தகலம். ஆனால் ஒரே நிரைக்குறி ஓர் எடிட்டரில் எட்டு எழுத்தகலம், இன்னொன்றில் நான்கு. இரண்டையும் தாறுமாறாகக் கலந்தால் பைத்தான் 3 நிரலை ஓட்டவே மறுத்துவிடும். எடிட்டர்கான்ஃபிக், எது வேண்டும், எத்தனை வேண்டும் என்பதைச் செயல்திட்டத்தோடு சேர்த்தே எழுதி வைக்கிறது. எடிட்டர் அதை, நாம் திறந்த நிரல் இருக்கும் கோப்புறையில் முதலில் தேடும். பிறகு மேலே மேலே போகும். ‘ரூட்’ என்று எழுதியிருக்கும் இடத்தில் நின்றுவிடும். ஒன்றுக்கு மேல் கிடைத்தால், பக்கத்தில் இருப்பதன் சொல்லே செல்லும். தோட்டத்துக்குத் தோட்டம் சட்டம் வேறு என்பது மாதிரி.

அந்த மாணவியின் பிழைக்கு வருவோம். அவள் எடிட்டரில் எடிட்டர்கான்ஃபிக்கைப் படிக்கும் செருகுநிரல் (பிளக்-இன்) இல்லை, அதனால் என் கோப்பை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செருகுநிரலைப் போட்ட பிறகும் பழைய வரிகள் அப்படியே கிடந்தன. அமைப்பு இனித் தட்டுவதைத்தான் கட்டுப்படுத்தும், ஏற்கெனவே தட்டியதை மாற்றி எழுதாது. பழைய நிரைக்குறிகளைத் தேடித் தேடி நாங்களே மாற்றினோம்.

அப்புறம் கோப்பின் முதல் வரியில், # என்ற எண்குறியிட்டு, ஒரு குறிப்பு சேர்த்தேன்: ‘நிரைக்குறி வேண்டாம். நான்கு இடைவெளி. கீற்றுகளை மூட வேண்டியதில்லை.’