பாலைவனத்துப் பேட்டரி வெயிலில் இல்லை

கடலூர் முதுநகரில் ஒரு வீட்டு மொட்டை மாடி. அதில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே உடைந்த நாற்காலிகள், பெயின்ட் டப்பாக்கள், ஒரு சாக்குத் தேங்காய் மட்டை. இவற்றுக்கு நடுவே பத்து யூனிட் சேமிக்கக்கூடிய லித்தியம் பேட்டரி. போன வாரம் பகல் இரண்டரை மணிக்கு அந்தக் கொட்டகைக்குள் என் வெப்பமானி 54 டிகிரி காட்டியது. பேட்டரிப் பெட்டியின் பக்கத் தகடு ஒரு விரல் பருமனுக்கு வெளியே பிதுங்கி நின்றது. அதற்கு நேர் கீழே உள்ள அறையில் வீட்டுக்காரரின் எண்பது வயதுத் தாயார் உறங்கிக்கொண்டிருந்தார்.

இந்தக் கோடையில் நான் பார்த்த மூன்றாவது உப்பிய பேட்டரி இது. மூன்றுமே தகரக் கூரைக்கு அடியில் இருந்தவை. இனியும் ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். விவரம் தெரிந்தவர், செய்தித்தாளை வரி விடாமல் படிப்பவர். "ஐயா, இதை இங்கே யார் வைக்கச் சொன்னது?" என்று கேட்டேன். அவர் கைப்பேசியை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். கண்ணுக்கு எட்டிய தூரம் மணல், மணல் மேல் சோலார் பலகைகள், ஓரத்தில் வரிசையாக வெள்ளைப் பெட்டிகள். "தம்பி, அபுதாபியில் பாலைவனத்து வெயிலிலேயே பேட்டரியை வைக்கிறார்கள். நான் கூரைக்குக் கீழேதானே வைத்திருக்கிறேன்?"

இந்தக் கேள்வியை நான் மஞ்சக்குப்பத்திலும் கேட்டிருக்கிறேன், நெல்லிக்குப்பத்திலும் கேட்டிருக்கிறேன். விற்பவர்களே இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் ஆற்றாமை. வளைகுடா நாடு ஒன்றில், பாலைவனத்துக்கு நடுவே, பேட்டரிச் சேமிப்போடு கூடிய சூரிய மின் நிலையத்தில் மூன்று ஆண்டுகள் பராமரிப்புப் பொறியாளராக இருந்துவிட்டுத்தான் ஊர் திரும்பினேன். அந்த வெள்ளைப் பெட்டிகளின் கதவைத் திறந்து உள்ளே பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பேட்டரிகள் வெயிலில் இல்லை. வெயிலுக்கு நடுவே, குளிரில் இருக்கின்றன.

அந்தப் பெட்டி பார்வைக்குக் கப்பலில் வரும் சரக்குப் பெட்டி போலத்தான் இருக்கும். ஆனால் அதன் சுவர்களுக்குள் வெப்பத்தடுப்பு அடைத்திருக்கும். ஒவ்வொரு செல் அடுக்கின் அடியிலும் குழாய்களில் குளிர்ந்த திரவம் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே 48 டிகிரி அடிக்கும்போது உள்ளே செல்களை 25 டிகிரியை ஒட்டியே வைத்திருப்போம். ஒரு செல்லின் வெப்பம் பக்கத்துச் செல்லைவிடச் சில டிகிரி கூடினால் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை வரும். நள்ளிரவானாலும் ஒருவர் வண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாக வேண்டும். சேமித்த மின்சாரத்தில் ஒரு பங்கை அந்தக் குளிரூட்டிகளே தின்றுவிடும், கோடையில் அந்தப் பங்கு இன்னும் கூடும். தெரிந்தேதான் அந்த இழப்பை ஏற்கிறார்கள். குளிர்ச்சி நின்றால் பேட்டரி தாங்காது.

அந்த ஆசிரியர் காட்டிய திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2025 ஜனவரியில் அபுதாபி அறிவித்தது. 5.2 ஜிகாவாட் சோலார் பலகைகள், 19 ஜிகாவாட் மணி பேட்டரி. நம் மீட்டர் கணக்கில் 1 கோடியே 90 லட்சம் யூனிட். இத்தனையும் எதற்கு? இரவு பகல் விடாமல் 1 ஜிகாவாட் கொடுப்பதற்கு. ஒன்று கொடுக்க ஐந்து பங்கு பலகை வைக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மேகம் இல்லாத வானமும் விலைக்குப் போகாத நிலமும் இருக்கும் இடத்திலேயே கணக்கு அப்படி. வீட்டு மாடியில் மூன்று கிலோவாட் போட்டுவிட்டு, "ராத்திரி முழுக்க ஏசி ஓடுமா?" என்று கேட்பவர்கள் இந்த விகிதத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதன் வேர் இன்னொரு தவறான எண்ணத்தில் இருக்கிறது. வெயில் ஏற ஏற மின்சாரம் ஏறும் என்று பலர் நம்புகிறார்கள். சோலார் பலகைக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு எதிரி. பலகையின் பின்னால் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். அதில் போட்டிருக்கும் வாட் கணக்கு, செல் 25 டிகிரியில் இருக்கும்போது கிடைப்பது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். நம் மாடியில் சித்திரை வெயிலில் பலகை 65 டிகிரிக்குப் போகும். அதாவது 40 டிகிரி கூடுதல். நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு வரை போய்விட்டது. என் வாடிக்கையாளர்கள் பலருக்கு அக்னி நட்சத்திரத்தைவிட மார்ச் மாதத்தில்தான் மீட்டர் நன்றாக ஓடும். "வெயில் கொளுத்துகிறது, மின்சாரம் குறைகிறது, பலகை பழுதா?" என்று மே மாதத்தில் வரும் தொலைபேசி அழைப்புகளுக்கு இதுதான் பதில்.

பாலைவனத்தைத் தேர்ந்தெடுப்பது சூட்டுக்காக அல்ல. ராஜஸ்தானின் பட்லா சூரியப் பூங்கா 2,245 மெகாவாட். அங்கே அனல் பறக்கிறது என்பதற்காகப் போகவில்லை. ஆண்டின் பெரும்பகுதி வானம் தெளிவாக இருக்கிறது, ஆள் குடியில்லாத நிலம் பரந்து கிடக்கிறது என்பதற்காகப் போனார்கள். இன்னும் நம்பிக்கை வரவில்லையென்றால் லடாக்கைப் பாருங்கள். அதுவும் பாலைவனம்தான், குளிர்ப் பாலைவனம். அங்கே 13 ஜிகாவாட் புதுப்பிக்கத்தக்க மின் திட்டமும் 12 ஜிகாவாட் மணி பேட்டரியும் திட்டமிட்டு, அந்த மின்சாரத்தை வெளியே கொண்டுவரும் மின்பாதைக்கு 2023 அக்டோபரில் மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் கொடுத்தது. சூடுதான் மின்சாரம் என்றால் அந்தப் பனிமலைக்கு யார் போவார்கள்?

பலகைக்குச் சூடு பட்டால் விளைச்சல் குறையும், அவ்வளவுதான். பேட்டரிக்குச் சூடு பட்டால் ஆயுள் குறையும், அதற்கு மேலும் நடக்கும். இன்வெர்ட்டரோடு வரும் ஈய அமில பேட்டரிக்கு எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: 25 டிகிரிக்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். லித்தியத்தில் பெரும்பாலானவற்றின் குறிப்பேட்டில், சார்ஜ் ஏறும்போது 45 முதல் 55 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று அச்சடித்திருக்கிறார்கள். முதுநகர்க் கொட்டகையில் பேட்டரிக்கு வெளியே காற்றே 54. அதுவும் பகலில், பலகையிலிருந்து சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில். வெப்பம் ஏறினால் பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற கண்காணிப்புச் சாதனம் தானாக நிறுத்திவிடும் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். நிறுத்தும், அது சரியாக இருக்கும்வரை. கடற்காற்றில் ஒரு சென்சார் ஒயரின் முனையில் களிம்பு பிடித்தால் அதற்கு எதுவும் தெரியாது. நான் கழற்றிப் பார்த்த அந்தப் பெட்டிக்குள் முனைகளில் பச்சை பூத்திருந்தது. பாலைவனத்தில் புழுதி உண்டு, இந்த உப்பு ஈரம் கிடையாது. தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் வீடு இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வைத்து முனைகளைப் பார்த்துவிடுங்கள்.

அவர் ஏன் மாடிக்குக் கொண்டுபோனார் என்பதையும் சொல்ல வேண்டும். அதில் அவர் மேல் குற்றமில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது அந்த ஊரில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையைத் திறந்தார்கள். தென்பெண்ணை நம் ஊருக்குள் வந்தது. கீழ்த் தளத்தில் இருந்த பேட்டரிகள் முங்கின. பட்டவர் மேலே ஏற்றாமல் என்ன செய்வார்? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்துவிட்டுப் போனபின் இருட்டில் கிடந்த நாட்களை மறந்தவர் இந்த மாவட்டத்தில் இல்லை. பேட்டரி வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதை வைக்கும் இடம்தான் கேள்வி.

இடம் இப்படிப் பாருங்கள். போன வெள்ளத்தில் சுவரில் படிந்த நீர்க்கறைக்கு ஒரு முழம் மேலே. மேற்கு வெயில் படாத, கூடுமானால் வடக்குச் சுவர். இரண்டு பக்கமும் காற்று போய்வர வேண்டும். முதல் தளம் இருந்தால் அதன் தாழ்வாரம் நல்ல இடம். தரைத்தளம் மட்டும்தான் என்றால் வீட்டின் வெளிப்புறத்தில் செங்கல் மேடை கட்டி, மேலே கான்கிரீட் அல்லது ஓட்டு நிழல் போடுங்கள். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் கூடவே கூடாது. தீப்பிடித்தால் இறங்கி ஓட வேண்டிய வழி அதுதான். படுக்கையறை, விளக்கு எரியும் பூஜையறை, அடுப்படி எதுவும் வேண்டாம். பக்கத்தில் மண்ணெண்ணெய், பெயின்ட், மட்டை, பழைய துணி எதையும் வைக்காதீர்கள். இடத்தை முடிவு செய்யும் முன் ஒரு வெப்பமானியோடு பகல் இரண்டு மணிக்கு அங்கே பதினைந்து நிமிடம் நின்று பாருங்கள். உங்களுக்கு மூச்சு முட்டினால் பேட்டரிக்கும் முட்டும்.

பழைய மின்ஸ்கூட்டர் செல்களைச் சேர்த்து ஒட்டி "பாதி விலை" என்று தருகிறார்கள். வாங்காதீர்கள். எனக்கு இதில் விவாதமே கிடையாது.

மின்சாரம் போன நேரத்தில் சோலாரையோ ஜெனரேட்டரையோ மின்வாரியத்தின் லைனோடு சேர்த்துவிடும் குறுக்கு வேலை செய்யும் எலக்ட்ரீஷியன்களை வீட்டுக்குள் விடாதீர்கள். உங்கள் வீட்டு மின்சாரம் வெளி லைனில் பாயும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்பவர் ஒரு குடும்பத்தின் பிள்ளை.

வெள்ளத்தில் நனைந்த லித்தியம் பேட்டரி வெளியே காய்ந்துவிட்டது என்று போடாதீர்கள். 2022இல் இயன் சூறாவளிக்குப் பிறகு ஃபுளோரிடாவில், கடல்நீரில் மூழ்கிய மின்வாகனங்கள் தண்ணீர் வடிந்த பின்னர் தீப்பிடித்தன. உப்பு உள்ளே தங்கி வேலை செய்யும். நனைந்தது என்றால் வீட்டைவிட்டுத் தள்ளி, திறந்த இடத்துக்குக் கொண்டுபோக ஆளை அழையுங்கள்.

உப்பியிருந்தால் குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், சார்ஜ் ஏற்றாதீர்கள். சீறும் சத்தமோ வெள்ளைப் புகையோ வந்தால் அது நீராவி அல்ல, தீப்பற்றும் வாயு. கதவைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டாம். 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில், பேட்டரிச் சேமிப்பு நிலையம் ஒன்றில் தீயணைப்பு வீரர்கள் கதவைத் திறந்த சில நிமிடங்களில் உள்ளே தேங்கியிருந்த வாயு வெடித்துப் பலர் காயமடைந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள், முழுக் கவசம் அணிந்தவர்கள். நீங்கள் லுங்கியோடு போகாதீர்கள். வீட்டில் இருப்பவர்களை எல்லாம் வெளியே கூட்டிக்கொண்டு 101க்கு அழையுங்கள், லித்தியம் பேட்டரி என்று சொல்லி அழையுங்கள்.

பழுதான பேட்டரியைக் காயலான் கடைக்குப் போடுவதும் வேண்டாம். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி தயாரிப்பாளர்தான் அதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உள்ளவர். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள், விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

அன்று முதலில் செய்த வேலை, அந்த அம்மாவை முன்னறைக்கு மாற்றியது. பிறகு பேட்டரியின் இணைப்பைத் துண்டித்தோம். வெயில் தாழ்ந்து பெட்டி ஆறும்வரை காத்திருந்து, நான்கு பேர் சேர்ந்து கீழே இறக்கி, தோட்டத்து மூலையில் மணல் கொட்டி அதன் மேல் வைத்தோம். "யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாமே தம்பி," என்றார் ஆசிரியர்.

உங்கள் வீட்டிலோ உங்களுக்குத் தெரிந்த வயதானவர்கள் வீட்டிலோ தகரத்துக்கு அடியில் பேட்டரி இருந்தால், தயவுசெய்து இன்றைக்குச் சாயங்காலமே போய்ப் பாருங்கள். பக்கத் தகடு நேராக இருக்கிறதா என்று ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் சோலார் ஸ்விட்சையும் மெயினையும் அணைத்துவிட்டு, பொருத்தியவரை வரச் சொல்லுங்கள். அவர் நாளைக்கு வருகிறேன் என்றால், இன்றிரவு அதற்குக் கீழே யாரையும் படுக்கவிடாதீர்கள்.