ஆக்சுவரி: கணக்கரா, கணிப்பாளரா?

உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுத்த பிள்ளை “ஆக்சுவரி படிக்கப் போறன்” என்று சொன்னால், மட்டக்களப்புப் பக்கத்தில் வீட்டுக்காரருக்கு இரண்டு சந்தேகம் வரும். வீடு வீடாக வந்து காப்புறுதிப் படிவம் நிரப்பும் முகவர் வேலைக்கா இவ்வளவு படிப்பு என்பது ஒன்று. எக்கவுண்டன்ட் என்பதைத்தான் பிள்ளை வேறு மாதிரிச் சொல்கிறதோ என்பது மற்றது. இரண்டும் இல்லை. சாவு, இழப்பு என்று இன்னும் நடக்காதவற்றைக் கணிதத்தால் மதிப்பிட்டு விலை போடுபவர்தான் ஆக்சுவரி. ஆனால் இந்தக் குழப்பத்துக்காக வீட்டுக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. அந்தச் சொல் பிறந்த விதமே அப்படி.

இலத்தீனில் ‘ஆக்தா’ என்றால் நடந்த காரியங்களின் பதிவு. அந்தப் பதிவை எழுதி வைக்கும் எழுதுவினைஞர்தான் ‘ஆக்துவாரியுஸ்’. உரோமரின் பிற்காலப் படைகளில், படைவீரருக்கு வந்த தானியத்துக்கும் சம்பளத்துக்கும் கணக்கு வைத்தவரையும் இதே பெயரால்தான் அழைத்தார்கள். நம்முடைய ஊர் வழக்கில் சொன்னால் கணக்கப்பிள்ளை. ஆங்கிலத்துக்கு வந்த பிறகும் நீண்ட காலம் அது நீதிமன்றப் பதிவாளர், செயலாளர் என்ற அளவிலேயே நின்றது. நிகழ்தகவு, ஆயுள், வட்டி எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை.

இன்றைய பொருள் வந்தது லண்டனில், 1762 இல். அந்த ஆண்டு தொடங்கிய ‘எக்குவிற்றபிள்’ என்ற ஆயுட்காப்புறுதிச் சங்கத்தை அமைத்தவர்களில் ஒருவரான எட்வர்ட் ரோ மோர்ஸ், அதன் தலைமை அலுவலருக்கு ஆக்சுவரி என்று பட்டம் சூட்டினார். மோர்ஸ் பழைய ஏடுகளில் பித்துப் பிடித்தவர்; இலத்தீன் பதவிப் பெயரைத் தூசு தட்டி எடுத்ததில் வியப்பில்லை. அந்த நாற்காலியில் பிறகு அமர்ந்தவர்கள் கணிதக்காரர்களாக இருந்ததால், பழைய எழுதுவினைஞரின் பெயர் கணிதக்காரரின் பெயராக மாறிப்போனது.

அந்தச் சங்கத்துக்கு அடித்தளக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் ஜேம்ஸ் டொட்சன் என்ற கணித ஆசிரியர். அக்காலத்தில் லண்டனில் இருந்த இன்னொரு ஆயுட்காப்புறுதிச் சங்கம் எல்லா வயதினரிடமும் ஒரே சந்தா வாங்கியது. அதனால் 45 வயதைத் தாண்டியவர்களைச் சேர்க்கவே பயந்தது. டொட்சனையும் வயதைச் சொல்லித் திருப்பி அனுப்பியதாகச் சொல்வார்கள். வயதுக்கு ஏற்றபடி கட்டணம் வாங்கினால் யாரையும் திருப்பி அனுப்பத் தேவையில்லையே என்று அவர் யோசித்தார். 1757 இல் அவர் இறந்துவிட்டதால் சங்கம் திறந்ததைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

இது நமக்குப் புதிய சங்கதியா என்ன? கிழக்கில் பல ஊர்களில் மரண சகாய சங்கம் இருக்கிறது. மாதம் ஒரு சிறு தொகை. வீட்டில் சாவு விழுந்தால் செலவுக்குப் பணம், பந்தல், கதிரை. முப்பது வயதுக்காரரும் எழுபது வயதுக்காரரும் ஒரே சந்தாதான் கட்டுவார்கள். ஊர் ஒற்றுமையில் அது நடக்கும், தொகையும் சிறியது. ஆனால் அதே சங்கம் ஒரு மரணத்துக்கு 5 இலட்சம் ரூபா தருவதாக அறிவித்தால் என்ன ஆகும் என்று ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாற்பது வயதுக்காரர் 1000 பேரில் ஆண்டுக்கு 3 பேர் இறப்பதாக வைத்துக்கொண்டால், கொடுக்க வேண்டியது 15 இலட்சம். ஆளுக்கு 1500 ரூபா. எழுபது வயதுக்காரர் 1000 பேரில் 30 பேர் என்று வைத்தால் 150 இலட்சம்; ஆளுக்கு 15,000 ரூபா. எல்லாரிடமும் ஒரே தொகை கேட்டால் இளையவர்கள் மெல்லக் கழன்று கொள்வார்கள். மிஞ்சுகிறவர்கள் மூத்தவர்கள், சந்தா ஏறும், இன்னும் கொஞ்சம் பேர் போவார்கள், கடைசியில் சங்கம் படுத்துவிடும்.

டொட்சன் கண்ட வழி, இளமையில் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்கி, மிச்சத்தை வட்டிக்கு விட்டு, முதுமையின் குறையை அதனால் நிரப்புவது. கட்டணம் ஆயுள் முழுக்க மாறாது. ஆனால் எந்த வயதில் சேர்ந்தாரோ அதைப் பொறுத்தது. இதற்கு இரண்டு பொருள் வேண்டும்: எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற ஆயுள் அட்டவணை, பணம் என்ன வட்டியில் வளரும் என்ற ஊகம். முதலாவதை ஒழுங்காகச் செய்து காட்டியவர் வால்வெள்ளியால் பெயர்பெற்ற எட்மண்ட் ஹேலி. இன்று போலந்தில் இருக்கும் பிரெஸ்லாவு நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவை வைத்து 1693 இல் அதைச் செய்தார்.

சரி, தமிழில் இவரை என்னவென்று அழைப்பது?

‘காப்புறுதிக் கணக்காளர்’ என்று எழுதுகிறார்கள். இலத்தீன் வேருக்கு நெருக்கமான பெயர்தான், அதனாலேயே பொருந்தாது. கணக்காளர் நடந்து முடிந்த வரவு செலவை எழுதுபவர். ஆக்சுவரி இன்னும் நடக்காததற்கு விலை போடுபவர். இங்கே தமிழ் நமக்கு நல்ல கை கொடுக்கிறது. ‘கணி’ என்ற வேரில் எண்ணுவதும் இருக்கிறது, வரப்போவதைச் சொல்வதும் இருக்கிறது. சாதகம் கணிக்கிறோம், கணியன் என்று பழைய பெயரே உண்டு. ஒரு தனி மனிதருக்கு எப்போது கண்டம் என்று சாத்திரியார் சொல்வார். ஆக்சுவரி அதைச் சொல்லவே மாட்டார், ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஆகவே ‘கணிப்பாளர்’ என்பதே சரியான பின்பாதி. தமிழ்நாட்டில் ‘காப்பீட்டுக் கணிப்பாளர்’ என்கிறார்கள். நம்மிடம் காப்பீடு என்பதைவிடக் காப்புறுதிதான் புழக்கம் என்பதால் ‘காப்புறுதிக் கணிப்பாளர்’. துறைக்கு ‘காப்புறுதிக் கணிப்பியல்’.

முன்பாதிதான் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. இந்த வேலை காப்புறுதிக் கம்பனியோடு முடிவதில்லை. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்தில் 5 ஆண்டு வேலை செய்தவருக்கு, மாதச் சம்பளக்காரரானால் ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை சேரும். அந்தக் கடன் இன்றைய மதிப்பில் எவ்வளவு, எத்தனை பேர் இடையில் விலகுவார்கள், சம்பளம் எப்படி ஏறும் என்பதை மதிப்பிட்டுக் கம்பனியின் ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும். அதை மதிப்பிடுபவரும் ஆக்சுவரியே. அந்த அறிக்கைகளின் தமிழ்ப் பதிப்பில் ஒரு கூத்தையும் பார்க்கலாம்: ‘ஆக்சுவேரியல்’ என்பதை ‘ஆக்சுவல்’ என்று எடுத்து ‘உண்மையான இலாபம்’, ‘உண்மையான நட்டம்’ என்று போட்டுவிடுகிறார்கள். இரண்டு சொல்லும் ஒரே இலத்தீன் வேரில் வந்தவைதான். ஆனால் அங்கே இருப்பது ஊகம் மாறியதால் வந்த இலாப நட்டம். ‘கணிப்புசார் இலாபம்’, ‘கணிப்புசார் நட்டம்’ என்றால் பொருள் கெடாது.

வயல்காரருக்கு இந்தச் சொல் தெரியாவிட்டாலும், அது இல்லாததன் விளைவு தெரியும். 1987 இல் சட்டமாக வந்த விவசாயிகள் ஓய்வூதியத் திட்டத்தில் அம்பாறை, மட்டக்களப்பு வட்டைகளிலிருந்தும் ஆட்கள் சேர்ந்தார்கள். போகத்துக்குப் போகம் கட்டினார்கள், அறுபதில் மாதப் பணம் வரும் என்று. கட்டிய தொகை சிறிது; வாங்குவோர் தொகை ஆண்டுக்காண்டு ஏறியது; 2012 அளவில் கொடுப்பனவே நின்று, 2014 இல்தான் மறுபடி தொடங்கியது. உள்ளே வருவதும் வெளியே போவதும் முப்பது ஆண்டு கழித்து எப்படி நிற்கும் என்பதைத் தொடக்கத்திலும் பிறகு ஆண்டுதோறும் பார்ப்பதுதான் கணிப்பாளரின் தொழில். அவர் சொன்னால் அரசியல்வாதி கேட்பாரா என்பது வேறு கதை.

கடற்கரைக்கு வந்தால் இன்னொரு பாடம். ஆயுள் அட்டவணை, ஒருவரின் சாவு அடுத்தவரின் சாவோடு தொடர்பில்லாதது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. 2004 டிசம்பர் 26 காலை நாவலடியிலும் கல்முனையிலும் மருதமுனையிலும் அந்த நம்பிக்கை சில நிமிடத்தில் உடைந்தது. 1978 நவம்பர் சூறாவளியில் வீடும் தென்னையும் ஒரே இரவில் விழுந்ததும் அப்படித்தான். இப்படி மொத்தமாக வரும் இழப்பை ஒரு கம்பனியால் தாங்க முடியாது என்பதால்தான் கம்பனிகளே வேறு பெரிய கம்பனிகளிடம் மீள்காப்புறுதி எடுக்கின்றன. எவ்வளவுக்கு எடுப்பது என்பதும் கணிப்பாளர் மேசைக்கு வரும்.

இப்போது படிப்பு. இங்கேயும் ஒரு சொல் மயக்கம் உண்டு. காப்புறுதிக் கணிப்பியலில் முதுமாணி முடித்தவர் ஆக்சுவரி ஆகிவிடுவதில்லை. அந்தப் பட்டத்தைத் தருவது பல்கலைக்கழகம். ஆக்சுவரி என்ற தகுதியைத் தருவது தொழில்சார் அமைப்பு. லண்டனில் 1848 இலும் எடின்பரோவில் 1856 இலும் தொடங்கிய இரண்டு அமைப்புகள் 2010 இல் ஒன்றான பிரித்தானிய நிறுவகம் ஒன்று. அமெரிக்காவின் சொசைட்டி ஒஃப் ஆக்சுவரீஸ் இன்னொன்று. 2006 சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய நிறுவகமும் இருக்கிறது. இவற்றின் பரீட்சைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, வேலை அனுபவமும் காட்டினால்தான் முதலில் இணை உறுப்பினர், பிறகு முழு உறுப்பினர். வேலை பார்த்துக்கொண்டே எழுதுபவர்களுக்குப் பல ஆண்டு பிடிக்கும்.

அப்படியானால் முதுமாணி எதற்கு? விலக்களிப்புக்கு. எடின்பரோவின் ஹெரியட்-வாட், இங்கிலாந்தின் கென்ட் போன்ற பல்கலைக்கழகங்களின் அங்கீகாரம் பெற்ற பாடநெறிகளில் போதிய புள்ளி எடுத்தால், பிரித்தானிய நிறுவகத்தின் தொடக்கப் பரீட்சைகள் சிலவற்றை எழுதத் தேவையில்லை. ஓர் ஆண்டில் கொஞ்சத் தூரம் தாண்டலாம், ஆனால் பவுணில் செலவு. வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறைப் பீடத்திலோ கணிதம் படித்து முடிக்கும் ஒருவர், காணியை ஈடு வைத்து நேரே விமானம் ஏறுவதில் எனக்கு உடன்பாடில்லை. முதலில் நிறுவகத்தில் மாணவ உறுப்பினராகச் சேர்ந்து, புள்ளிவிபரவியல் தாளையோ வட்டிக் கணிதத் தாளையோ எழுதிப் பார்க்கலாம். வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணக் குறைப்பும் அங்கே உண்டு, கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு தாள் சித்தியடைந்த கையோடு கொழும்புக் காப்புறுதிக் கம்பனிகளின் கணிப்பியல் பிரிவுக்கு விண்ணப்பித்தால் மதிப்பு வேறு. காப்புறுதித் தொழிலை ஒழுங்குபடுத்தும் 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஆயுட்காப்புறுதிக் கம்பனிகள் ஆக்சுவரியின் மதிப்பீட்டைத் தர வேண்டியிருப்பதால், அந்தப் பிரிவுகளுக்கு ஆள் தேவைப்படுகிறது. முதுமாணியை அதற்குப் பிறகும் படிக்கலாம். அப்போது செலவில் ஒரு பங்கையாவது சம்பளம் தாங்கும்.

எழுதும்போது முதல் இடத்தில் ‘காப்புறுதிக் கணிப்பாளர், அதாவது ஆக்சுவரி’ என்று இரண்டையும் போட்டுவிட்டு, அப்புறம் தமிழிலேயே தொடரலாம். பேச்சில் ஆக்சுவரி இருந்துவிட்டுப் போகட்டும். வேலை விண்ணப்பத்தில் மட்டும் ‘கணக்காளர்’ என்று எழுதிவிடாதீர்கள். நேர்முகத்துக்கு வேறு பிரிவிலிருந்து கூப்பிடுவார்கள்.