சைக்கிளமேன் கிழங்கைக் கோடையில் தூக்கி எறியாதீர்கள்

சைக்கிளமேன் குளிர்காலத்தில் பூக்கும் கிழங்குச் செடி. மே மாதம் அதன் இலைகள் ஒவ்வொன்றாய் மஞ்சளாகிச் சாய்ந்ததும் "செடி செத்துப்போச்சு" என்று தொட்டியோடு குப்பையில் போட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது சாவதில்லை, தூங்கப் போகிறது. தொட்டியைக் கொட்டுமுன் கிழங்கை விரலால் அழுத்திப் பாருங்கள். உருளைக்கிழங்கு போலக் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழவென்று நாறினால்தான் எறிய வேண்டும்.

'ஆல்ப்ஸ் வயலட்' என்று சொன்னாலும் சைக்கிளமேனுக்கும் வயலட் குடும்பத்துக்கும் உறவில்லை. நர்சரியில் கிடைக்கும் தொட்டி ரகம் சைக்கிளமேன் பெர்சிகத்தின் வழிவந்தது. அதன் சொந்த ஊர் துருக்கி, சிரியா, லெபனான் பக்கம். அங்கே மழை பெய்வது குளிர்காலத்தில், கோடை வறண்டு கிடக்கும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இது தலைகீழ். கோடை மழையில் தொடங்கி நவம்பர் வரை ஈரம்தான். கிழங்கு தூங்கும் மாதங்களில் நம் வானம் தண்ணீர் ஊற்றுகிறது. ஏற்காட்டில் இந்தச் செடி சாவதற்கு வெயிலைவிட இதுதான் பெரிய காரணம். அதனால் திறந்த பாத்தியில் நடாதீர்கள். தொட்டியில் வைத்து, மழைச்சாரல் படாத தாழ்வாரத்தில் வையுங்கள்.

5 அல்லது 6 அங்குலத் தொட்டி போதும். பெரிய தொட்டியில் ஈரம் தேங்கும். இரண்டு பங்கு இலைமக்கு, ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு கரடான ஆற்றுமணல் அல்லது பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் துகள்) கலந்துகொள்ளுங்கள். நார்க்கழிவை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் அதிலுள்ள உப்பு வேரைக் கருக்கும். காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழலடியில் மக்கிக் கிடக்கும் இலையைச் சலித்து எடுத்தால் இலைமக்குக்கு அருமையாக இருக்கும். நடும்போது கிழங்கின் மேல் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு வெளியே தெரியட்டும். முழுக்கப் புதைத்தால் குருத்து அழுகும்.

தண்ணீரை மேலிருந்து ஊற்ற வேண்டாம். தட்டில் தண்ணீர் வைத்துத் தொட்டியை அதில் 15 நிமிடம் நிறுத்துங்கள். மேல்மண் நிறம் மாறியதும் எடுத்து, மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தொட்டியைத் தூக்கினால் லேசாகத் தெரியும்போது அடுத்த தண்ணீர். தண்ணீர் கூடினாலும் இலை தொங்கும், குறைந்தாலும் தொங்கும். தொங்கியதும் அவசரப்பட்டு ஊற்றாமல் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

வாடிய பூவைக் கத்தரிக்கோலால் வெட்டுவது தவறு. மிஞ்சும் காம்புத் துண்டு அழுகி, அழுகல் கிழங்குக்குள் இறங்கும். காம்பை அடியில் இரு விரலால் பிடித்து, ஒரு சுற்று முறுக்கி வெடுக்கென்று இழுங்கள், முழுதாக வந்துவிடும். மஞ்சள் இலைக்கும் இதேதான்.

ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் சாம்பல் பூஞ்சணம் பூவில் புள்ளியாகத் தொடங்கி, காம்பில் சாம்பல் நிறப் பஞ்சு போலப் படரும். தொட்டிக்குத் தொட்டி ஒரு சாண் இடைவெளி விட்டுக் காற்றோட்டம் கொடுத்தால் பாதி நோய் வராது. ஒரு பக்கத்து இலைகள் மட்டும் மஞ்சளாகி, கிழங்கை வெட்டினால் உள்ளே செம்பழுப்புக் கறை இருந்தால் அது ஃபுசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடல் நோய். அதற்கு மருந்து தேடாதீர்கள். மண்ணோடு அகற்றுங்கள், அந்தத் தொட்டி மண்ணை வேறு செடிக்குப் போடாதீர்கள்.

இலை வளரும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 19:19:19 உரம், லிட்டருக்கு 1 கிராம். தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் பெருகும்.

சேலம் நகரத்தில் இதை ஆண்டு முழுக்க வைத்திருப்பது கடினம். இரவில் 10 முதல் 16 டிகிரி வரை இதற்குப் பிடித்த குளிர், பகலில் 25-ஐத் தாண்டினால் மொட்டு சுருங்கும். கார்த்திகை முதல் தை வரை கிழக்கு ஜன்னலோரம் வைத்து ரசிக்கலாம். பிறகு மலையில் சொந்தக்காரர் இருந்தால் அங்கே அனுப்பிவிடுங்கள்.

இலை உதிரத் தொடங்கியதும் தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, நிழலான காய்ந்த இடத்தில் வையுங்கள். ஆகஸ்ட் கடைசியில் குருத்து தலைகாட்டும். அப்போது மண்ணை மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். கிழங்கைக் கையாளும்போது வீட்டு நாயும் பூனையும் எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் சப்போனின் நஞ்சு இருக்கிறது. கடித்துத் தின்றால் வாந்தி, பேதியோடு உயிருக்கே ஆபத்தாகலாம். தின்றுவிட்டால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.