காற்று தாங்கும் சுவர்

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்டவர்கள் இன்றும் முதலில் சொல்வது, தகரங்கள் பறந்த கதையைத்தான். அதைக் கேட்டே வளர்ந்த எனக்கு, ஜேர்மனியின் மியூனிக் நகரில் அலியான்ஸ் அரீனா உதைபந்தாட்ட அரங்கின் முன் நின்றபோது, மெல்லிய படலத்தால் போர்த்திய இந்தக் கட்டடம் பெருங்காற்றில் எப்படி நிலைக்கிறது என்ற கேள்வியே முதலில் எழுந்தது.

சுவிற்சர்லாந்தின் ஹெர்சோக் - டி மியூரோன் நிறுவனம் வடிவமைத்து, 2005இல் திறக்கப்பட்ட இவ்வரங்கம் ஏறத்தாழ 75,000 பேரைக் கொள்ளும். இதன் வெளிச்சுவரும் கூரையும் 2,700க்கும் மேற்பட்ட சாய்சதுரக் காற்றுமெத்தைகளால் ஆனவை. அவற்றின் படலம் 0.2 மில்லிமீற்றர் தடிப்பே உடையது. ஒட்டாத சட்டிகளில் பூசப்படும் டெஃப்ளோனுக்கு உறவான பொருள் என்பதால் தூசி ஒட்டாது, மழையே கழுவிவிடும். 6 மில்லிமீற்றர் கண்ணாடி சதுர மீற்றருக்கு 15 கிலோகிராம் நிறுக்க, இப்படலம் 350 கிராம் அளவே நிறுக்கும்.

இத்தனை மெல்லிய படலம் பாரம் தாங்கும் சூட்சுமம் வளைவில் இருக்கிறது. கொடிக்கயிற்றைத் துளியும் தொய்யாமல் இறுக்கிக் கட்டி, நனைந்த சாரன் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்: இருபுறத்துக் கம்பங்களும் உள்நோக்கி இழுபடும், கயிறு அறுந்தும் போகலாம். சற்றுத் தொய்ய விட்டால் அதே கயிறு அதே சாரனை இலகுவாகத் தாங்கும். படலமும் அப்படித்தான், தட்டையாக இருந்தால் சிறு பாரத்துக்கும் பெரும் இழுவிசை வேண்டும், புடைத்திருந்தால் குறைந்த இழுவிசை போதும். அந்தப் புடைப்பைக் காப்பதே உள்ளிருக்கும் காற்றின் வேலை. இத்தகைய மெத்தைகளுக்குப் பொதுவாகச் சுமார் 300 பாஸ்கல் மேலதிக அழுத்தமே போதும். உறிஞ்சுகுழாயைத் தண்ணீரில் 3 சென்றிமீற்றர் ஆழத்துக்கு அமிழ்த்திக் குமிழி வர ஊதுகிறோமே, அந்த அளவு.

காற்று வெளியிலிருந்து தள்ளும்போது, அடைபட்ட காற்று நெருக்குண்டு, பாரத்தை உட்படலத்துக்குக் கடத்துகிறது. வெளிப்புறமாக உறிஞ்சி இழுக்கும்போது வெளிப்படலம் அதை ஏற்கிறது. எங்கள் தகரங்களைப் பெயர்த்ததில் இந்த இழுப்புக்கே பெரும் பங்கு உண்டு. மணிக்கு 144 கிலோமீற்றர் வேகக் காற்று சதுர மீற்றருக்குச் சுமார் 100 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையைத் தரவல்லது. தகரமோ 5 கிலோகிராம்கூட நிறுக்காது. ஆகவே கூரையைக் காப்பது அதன் எடையன்று, பிடிமானமே. இவ்வகை மெத்தைகளில் படலத்தின் விளிம்பு முழுவதையும் அலுமினியச் சட்டம் இடைவெளியின்றிக் கவ்விப் பிடிக்கிறது; ஆணி அறைந்த இடங்களில் மட்டும் பிடிபட்டிருக்கும் தகரத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வீசிக் கடக்கும் காற்றுக்கு அடைபட்ட காற்றே போதும். பனி அப்படியன்று, நாட்கணக்கில் கிடந்து அழுத்தும் அதைத் தாங்க விசிறிகள் உள்ளழுத்தத்தைக் கூட்ட வேண்டும். ஊதும் காற்றையும் உலர்த்தியே அனுப்புகிறார்கள், இல்லையேல் படலத்தின் உட்புறத்தில் நீர் துளிர்க்கும். வாவி சூழ்ந்த எங்கள் ஊரின் வெபர் மைதானத்துக்கு இப்படியொரு கூரை அமைப்பதானால், பனியைப் பற்றிய கவலை இல்லை; காற்றை உலர்த்தும் இயந்திரத்தையும் உப்புக்காற்று அரிக்காத சட்டத்தையும்தான் முதலில் கணக்கிட வேண்டும். இழுபட்ட படலம் முரசுத் தோல் போல அதிர்வதால், மார்கழி மழையின் சத்தம் மட்டும் தகரக் கூரையின் கீழ் கேட்பதைப் போலவே இருக்கும்.