படிமுறையை நெறிமுறை என்னலாமா?

‘செயற்கை நுண்ணறிவு நெறிமுறைகள்’ என்ற தலைப்பைக் காணும் வாசகர் எதை எதிர்பார்த்து உள்ளே நுழைவார்? நுண்ணறிவுக் கருவிகளைக் கையாள்வதில் பேணவேண்டிய அறத்தையா, அரசு விதிக்கும் கட்டுப்பாடுகளையா, அல்லது அக்கருவி கணக்கிடும் விதத்தையா? மூன்றுக்கும் இன்று இதே சொல்லைத்தான் எழுதுகிறார்கள். ஒரு கணக்கைப் படிப்படியாகச் செய்துமுடிக்கும் விதமான அல்காரிதம் என்பதை நெறிமுறை என்று எழுதும் வழக்கம் பாடநூல்களிலும் செய்திகளிலும் இணையப் பாடங்களிலும் வேரூன்றிவிட்டது. அது பொருந்தாத சொல்லாட்சி என்பதும், படிமுறை என்பதே உரிய சொல் என்பதும் என் உறுதியான கருத்து.

அல்காரிதம் ஓர் ஆளின் பெயரிலிருந்து பிறந்த சொல். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல் குவாரிஸ்மி. ஆரல் கடலுக்குத் தெற்கிலுள்ள குவாரிஸ்ம் நாட்டவர் என்பதே அப்பெயரின் பொருள். இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடுவது பற்றிய அவருடைய நூல் 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்குச் சென்றபோது பெயர் அல்கோரிட்மி எனத் திரிந்தது. பிறகு அந்தக் கணக்கிடும் கலைக்கே பெயராகி, எண்ணைக் குறிக்கும் அரித்மோஸ் என்ற கிரேக்கச் சொல்லோடு மயங்கி இன்றைய வடிவத்தை அடைந்தது. மூலச்சொல்லின் வேரில் நெறியும் இல்லை, படியும் இல்லை. ஆகவே பொருளைப் பார்த்துத்தான் தமிழ்ச்சொல் அமைக்க முடியும்.

அந்தப் பொருளை அமெரிக்கக் கணினியியல் அறிஞர் டொனால்ட் கனூத் 1968இல் ஐந்து இயல்புகளாக வரையறுத்தார். படிமுறை எண்ணத்தக்க படிகளுக்குள் முடியவேண்டும். ஒவ்வொரு படியும் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லப்படவேண்டும். உள்ளீடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வெளியீடு கட்டாயம் இருக்கவேண்டும். ஒவ்வொரு செயலும் ஒருவர் தாளும் எழுதுகோலும் கொண்டு செய்துமுடிக்கும் அளவுக்கு எளிதாக இருக்கவேண்டும். இதற்கு அவர் காட்டிய முதல் எடுத்துக்காட்டு, இரு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் காணும் யூக்ளிடின் முறை. 48, 18 ஆகிய எண்களை எடுத்துக்கொள்வோம். 48ஐ 18ஆல் வகுத்தால் மீதி 12. மீதி பூச்சியம் இல்லையாதலால், 18ஐ 12ஆல் வகுக்கிறோம், மீதி 6. பிறகு 12ஐ 6ஆல் வகுக்கிறோம், மீதி 0. கடைசியாக வகுத்த 6 தான் விடை. ஒவ்வொரு முறையும் மீதி குறைந்துகொண்டே வருவதால் இது முடிந்தே தீரும்.

இந்தக் கணக்கில் நெறி எங்கே இருக்கிறது? நெறி என்பது மனிதன் தேர்ந்து நிற்கும் ஒழுக்கப் பாதை. ‘பொய்தீர் ஒழுக்க நெறிநின்றார்’ என்பது வள்ளுவர் வாக்கு. நெறியில் நிற்கலாம், நெறி தவறலாம், நெறி பிறழலாம். அந்த வினைகளெல்லாம் மனசாட்சி உள்ளவருக்கே பொருந்தும். முறை என்ற சொல்லையும் சேர்த்து நெறிமுறை என்றாக்கியபோது, ஒரு குழுவோ அரசோ வகுத்து மற்றவர் கடைப்பிடிக்கும் விதித்தொகுப்பு என்ற பொருள் அதற்கு அமைந்தது. கொரோனா காலத்தில் நாம் நாள்தோறும் கேட்ட ‘வழிகாட்டு நெறிமுறைகள்’ அந்தப் பொருளில் மிகச் சரியான சொல்லாட்சி. கணினிகள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும்போது பின்பற்றும் உடன்பாடான புரோட்டோகால் என்பதற்கும் நெறிமுறை பொருந்துகிறது. இரு தரப்பும் ஏற்று நடக்கும் விதி அது.

சிக்கல் முற்றுவதும் அங்கேதான். ஏஇஎஸ் என்பது தரவை மறைக்குறியாக்கும், அதாவது பிறர் படிக்கமுடியாதபடி மாற்றும் அல்காரிதம். டிஎல்எஸ் என்பது நம் இணைய உலாவியும் தளத்தை அளிக்கும் கணினியான வழங்கியும் பாதுகாப்பாகப் பேசிக்கொள்வதற்கான புரோட்டோகால். டிஎல்எஸ் தன் பணிக்கு ஏஇஎஸ்ஸைப் பயன்படுத்திக்கொள்ளும். இரண்டையும் நெறிமுறை என்று எழுதினால் ‘இந்த நெறிமுறை அந்த நெறிமுறையைப் பயன்படுத்துகிறது’ என்ற வாக்கியம் கிடைக்கும். அதைப் படிக்கும் மாணவர் எதைப் புரிந்துகொள்வார்? ‘மறைக்குறியாக்கப் படிமுறை’, ‘பாதுகாப்பு நெறிமுறை’ என்று பிரித்து எழுதினால் குழப்பமே எழாது.

வழிமுறை என்பார் உளர். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடத்தில் யூக்ளிடின் முறை ‘வகுத்தல் வழிமுறை’ என்றே வருகிறது. நெறிமுறையை விட இது எவ்வளவோ மேல்; ஆனால் விண்ணப்பிக்கும் வழிமுறை, உரமிடும் வழிமுறை என எல்லாவற்றுக்கும் ஆளப்படும் சொல்லாதலால் வரையறையின் கூர்மை அதில் இல்லை. அதைவிட வருந்தத்தக்கது, கணித வகுப்பில் வழிமுறை என்று கற்ற அதே மாணவர் அடுத்த ஆண்டு கணினி வகுப்பில் நெறிமுறை என்று கற்று, இரண்டும் ஒன்றுதான் என்பதை அறியாமலே தேர்வெழுதுவது. ‘படிமுறைத் தீர்வு’ என்ற நீண்ட வடிவமும் வேண்டாம். நம் கணக்கில் தீர்வு 6. அதற்கு இட்டுச்சென்ற படிகளின் ஒழுங்கே படிமுறை.

படி என்பது ஏறிக்கொண்டே போவதல்லவா, மீண்டும் மீண்டும் சுழலும் மடக்குகளுக்கு அது பொருந்துமா என்று கேட்கிறார்கள். மடக்கு என்பதே முந்தைய படிக்குத் திரும்புவதுதான். அதைக் கண்ணால் காட்டவே, படிகளைப் பெட்டிகளும் அம்புகளுமாக வரையும் பாய்வுப்படம் இருக்கிறது. மேலே முனை உருண்ட பெட்டியில் ‘தொடக்கம்’, இணைகரத்தில் இரு எண்களைப் பெறுதல், செவ்வகத்தில் வகுத்தல், சாய்சதுரத்தில் ‘மீதி 0 ஆ?’ என்ற கேள்வி. ‘ஆம்’ எனும் அம்பு விடைக்குச் செல்லும். ‘இல்லை’ எனும் அம்பு, வகுத்த எண்ணை வகுபடும் எண்ணாகவும் மீதியை வகுக்கும் எண்ணாகவும் மாற்றும் செவ்வகத்தின் வழியாக, மீண்டும் வகுத்தலுக்கே ஏறும். பாய்வுப்படம் நல்ல சொல். இலங்கைப் பாடநூல்களின் பாய்ச்சற் கோட்டுப்படமும் பிழையற்றது, சற்று நீளம். ‘ஓட்ட வரைபடம்’ என்பதைத்தான் தவிர்க்கவேண்டும். வரைபடம் கணிதத்தில் ஏற்கெனவே வேறொன்றுக்குப் பெயராகிவிட்டது.

மொழிபெயர்ப்பாளர்கள் பலர் சொற்பட்டியலில் முதலில் கண்ட இணைச்சொல்லை எடுத்து நட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அந்தச் சொல் அதே நூலின் இன்னோர் அதிகாரத்தில் வேறு எதற்கு நிற்கிறது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு கலைச்சொல்லை ஏற்குமுன் அதை நான்கு தொடர்களில் வைத்துப் பார்க்கவேண்டும்: தேடல் படிமுறை, வரிசையாக்கப் படிமுறை, படிமுறையின் சிக்கல்தன்மை, படிமுறை வடிவமைத்தல். நான்கிலும் படிமுறை இடறாமல் நிற்கிறது. பேச்சில் அல்காரிதம் என்பவரோடு எனக்குப் பிணக்கில்லை. அச்சொல் எவரையும் தவறான பொருளுக்கு அழைத்துச் செல்வதில்லை. நெறிமுறை அழைத்துச் செல்கிறது.