நொண்டுகிற கிழட்டு மட்டக்குதிரைக்கெல்லாம் மூட்டுவாதம் இல்லை

"வயசாயிடுச்சு டாக்டர், மூட்டுவாதம்தான். ஒரு ஊசி போட்டு விடுங்க." ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஏரிக்கரையில் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. 15 வயது தாண்டிய மட்டக்குதிரைக்கு மூட்டு தேயும், யார் இல்லையென்றது? ஆனால் குளம்பைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் வாதம் என்று எப்படி முடிவு கட்டுகிறீர்கள்?

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது, மூட்டுவாதத்துக்கும் குளம்பு நோய்க்கும் வைத்தியம் நேர் எதிர். வாதக் குதிரையைக் கட்டியே போட்டால் இன்னும் விறைத்துப்போகும். தினமும் மெதுவாக நடக்கவிட வேண்டும். லேமினைடிஸ் என்கிற குளம்பழற்சி வந்த குதிரையை நடக்கவிட்டால் குளம்புக்குள் இருக்கும் எலும்பே இடம் பெயர்ந்துவிடலாம். "நடந்தா சரியாயிடும்" என்று அதை ஏரியைச் சுற்றி இழுத்துப் போகிறவர்களை என்ன சொல்ல!

கொட்டகையை விட்டு வரும்போது விறைப்பாக இருந்து, கால்மணி நேரம் நடந்ததும் இலகுவாவது வாதத்தின் போக்கு. கெட்டித் தரையில் திரும்பும்போது தவித்து, முன்னங்கால்களை முன்னால் நீட்டிப் பின்னுக்குச் சாய்ந்து நின்றால் லேமினைடிஸைச் சந்தேகியுங்கள். நேற்று நன்றாக இருந்தது இன்று ஒரு காலை ஊன்றவே மாட்டேன் என்கிறதா? பெரும்பாலும் குளம்புக்குள் சீழ், அல்லது லாட ஆணி தப்பான இடத்தில் ஏறியிருக்கும். எலும்பு முறிவாகவும் இருக்கலாம், காத்திருக்காதீர்கள். ஆணி குத்தியிருந்தால் டெட்டனஸ் ஊசி கட்டாயம்.

குளம்புக்கு மேலே உள்ள கணுவின் பின்பக்கம், இரு ஓரத்திலும் விரலை லேசாக வையுங்கள். நல்ல காலில் அங்கே நாடி கிடைப்பதே கஷ்டம். துள்ளித் துள்ளி அடித்தால் கோளாறு குளம்பில்தான். நாடி துள்ளாமல், நாலு காலையும் ஊன்றி நடக்கிறது என்றால் மட்டும் கெட்டித் தரையில் நேராகத் துள்ளுநடை ஓட்டிப் பாருங்கள். முன்னங்காலில் வலி என்றால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது தாழும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல காலுக்கே தைலம் தேய்ப்பவர்கள் நிறையப் பேர்.

மெடிக்கலில் வாங்கும் வலி மருந்தைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். டைக்ளோஃபெனாக் கால்நடைகளுக்கு 2006-லேயே தடை செய்யப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் 2023-ல். இவை உடம்பில் ஏறிய குதிரை செத்தால், அதன் சடலம் அதைத் தின்னும் மாயாறுப் பள்ளத்தாக்குப் பாறுக் கழுகுகளையும் கொல்லும். மெலாக்சிகாம் கேட்டு வாங்குங்கள், அளவை எடை பார்த்து நாங்கள் சொல்கிறோம். இரண்டு வலி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வயிற்றில் புண், சிறுநீரகம் காலி.

எடை போட டேப் போதும். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வரும். எல்லா அளவும் சென்டிமீட்டரில். சுற்றளவு 140, நீளம் 120 என்றால் 198 கிலோ. சேணத்தோடு சேர்த்து அதில் ஐந்தில் ஒரு பங்குதான் நல்ல குதிரையே சுமக்க வேண்டியது, அதாவது 40 கிலோ. எழுபது கிலோ சுற்றுலாப் பயணியை ஏற்றிவிட்டு வாதத்தைக் குறை சொல்கிறோம்.

நொண்டுகிறதே, தெம்பு வரட்டும் என்று கொள்ளும் தவிடும் கூட்டுவது இன்னொரு வினை. லேமினைடிஸுக்கு அது எண்ணெய் ஊற்றுவதுதான். காய்ந்த புல்லும் வைக்கோலும் போதும். வெயில் காலத்திலும் உதிராத நீள மயிரும் ஓயாத தாகமும் இருந்தால் ஹார்மோன் கோளாறு இருக்கலாம், இரத்தப் பரிசோதனை கேளுங்கள். காலில் சூடு போடவே கூடாது.

லாடம் தேயவில்லை என்பதற்காகத் தள்ளிப்போடாமல் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் குளம்பைச் சீவுங்கள். முன்நுனி நீண்டால் ஒவ்வொரு அடியிலும் மூட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

எங்களைக் கூப்பிடும் முன் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலும் வீடியோ எடுத்து வையுங்கள். மாத்திரை கொடுக்கும் முன் எடுங்கள். வலி அடங்கிய பிறகு எடுத்த வீடியோவில் எந்தக் கால் என்றே தெரியாது.